சதுப்பு நிலத்துக்கு ஒரு துப்பாக்கி வாங்கிய கதை

நவம்பர் மாதத்தின் கடைசி வாரம். விடிந்து கால் மணி நேரம்கூட ஆகாத பொழுதில், ஈரி ஏரியின் வடகரையில் உள்ள லாங் பாயிண்ட் விரிகுடாவில், நாணலுக்குள் ஒதுக்கி நிறுத்திய அலுமினியப் படகில் நானும் என் நண்பரும் அமர்ந்திருந்தோம். நீரில் மிதக்கவிட்ட வாத்துப் பொம்மைகளை நம்பி (தமிழில் இந்தத் தந்திரத்துக்குப் 'பார்வை' என்றொரு பழைய பெயர் உண்டு) நான்கு மல்லார்டு வாத்துகள் இறக்கையை வளைத்துக்கொண்டு இறங்கின. முதல் தோட்டா வெடித்தது. இரண்டாம் முறை விசையை இழுத்தபோது அது உயிரில்லாமல் அசைந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. குனிந்து பார்த்தேன். தோட்டாவின் பின்னால் குழலை அடைத்து நிற்கும் உலோகக் கட்டையான போல்ட் பாதித் தூரம் பின்னால் வந்து, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளவும் முடியாமல் முன்னால் திரும்பவும் முடியாமல் நின்றிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, குழல்முனையைத் தண்ணீரின் பக்கம் திருப்பி, போல்ட்டின் கைப்பிடியை இழுத்துவிட்டதும், எண்ணெய் போடாத கடையின் ஷட்டர் இறங்குவதுபோல அது ஊர்ந்து ஊர்ந்து மூடியது. குளிர் பூஜ்ஜியத்துக்குக் கீழே 11 டிகிரி.

என் நண்பர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருக்குத் துப்பாக்கி எப்போதும் 'துவக்கு'தான். “அண்ணை, துவக்குக்கும் குளிர் பிடிச்சிட்டுது போல” என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னாலும் காரணம் அதுவேதான். ஒண்டாரியோவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவன் நான். ஓடுகிற எதற்கும் எண்ணெய் விட வேண்டும் என்பது கையில் ஊறிய பழக்கம். முந்தைய இரவு அந்தத் துப்பாக்கிக்கும் தாராளமாக, அதுவும் கெட்டியான எண்ணெயாகப் பார்த்து விட்டிருந்தேன். அறை வெப்பத்தில் வழவழவென்று ஓடிய எண்ணெய், அந்தக் குளிரில் உருக்காத நெய்போல உறைந்துவிட்டது. தவறு முழுக்க என்னுடையது. ஆனாலும் அன்று காலை தொடங்கிய கேள்வி, சேறும் தண்ணீரும் உறைபனியும் படும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் உழைக்கக்கூடிய ஓர் அரைத் தானியங்கித் துப்பாக்கியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வி, அடுத்த நான்கு ஆண்டுகள் என்னை விடவில்லை.

தொடர்வதற்கு முன் ஒரு விளக்கம். இது முழுக்கக் கனடாவின் நீர்ப்பறவை வேட்டையைப் பற்றியது. இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இதற்கு இடமில்லை. எங்கள் ஊரில் என் தாத்தாவிடம் இருந்த இரட்டைக் குழல் தோட்டாத் துப்பாக்கிகூடத் தேர்தல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போய்வருவதைத் தவிர வேறு பயணம் அறியாதது. இங்கே முதலில் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி முடித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் 80 சதவீதம் எடுத்து, உரிமம் பெற்று, அதன் பிறகு வேட்டைப் பயிற்சியும் முடித்து, ஆண்டுதோறும் வலசைப் பறவை வேட்டைக்கான அனுமதிச் சீட்டும் வாங்க வேண்டும். நீர்ப்பறவைக்கு ஈயக் குண்டு கூடாது. நாடு முழுவதும் 1999இலிருந்து நச்சற்ற குண்டுதான். குழலிலும் தோட்டாக்குழாயிலும் சேர்த்து மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால், தோட்டாக்குழாய்க்குள் ஒரு தடுப்புக் குச்சியை வைத்தே தீர வேண்டும். எந்த மாதிரிகள் தடை செய்யப்பட்டவை என்ற பட்டியலும் 2020க்குப் பிறகு சில முறை மாறியிருக்கிறது. ஆகவே காசைக் கட்டும் அன்றைக்குப் பட்டியலைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பம்ப் வகைத் துப்பாக்கியே போதுமே என்று பலர் கேட்டார்கள். உழைப்பு ஒன்றை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். 1950களிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் ரெமிங்டன் 870ஐச் சேற்றில் புதைத்து எடுத்தாலும் கையின் பலம் அதை இயக்கிவிடும். ஆனால் தடித்த அங்கியோடு படகின் குறுகிய பலகையில் உட்கார்ந்து, முன்கட்டையை முழுதாகப் பின்னுக்கு இழுத்து முழுதாக முன்னுக்குத் தள்ளுவது எனக்கு வசப்படவே இல்லை. பாதி இழுத்து, பாதி தள்ளி, நானே அதைச் சிக்கவைத்தேன்.

அரைத் தானியங்கி என்றால், ஒவ்வொரு முறை விசையை இழுக்கும்போதும் ஒரு தோட்டா வெடித்து, வெற்றுத் தோட்டா வெளியேறி, அடுத்தது தானாகக் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஏறும். அந்த வேலைக்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் எல்லா வேறுபாடும் அடங்கியிருக்கிறது. ஜான் பிரவுனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தில் 1902இல் உற்பத்தி தொடங்கிய ஆட்டோ-5இல், வெடிக்கும்போது குழலும் போல்ட்டும் சேர்ந்தே பின்னால் பாயும். அந்த மாதிரி 1998 வரை தயாரிப்பில் இருந்தது என்பதே அதன் உழைப்புக்குச் சாட்சி. இன்று கடைகளில் பெரும்பாலும் இரண்டு வகைகளே உள்ளன. வாயுவால் இயங்கும் வகையில், குழலின் அடிப்பக்கத்தில் உள்ள சிறு துளைகள் வழியாக வெடிப்பின் வாயுவில் ஒரு பகுதி இறங்கி, ஒரு பிஸ்டனைத் தள்ள, பிஸ்டன் போல்ட்டைத் தள்ளும். பெரெட்டாவின் ஏ300, ஏ400, வின்செஸ்டரின் எஸ்எக்ஸ்4 ஆகியவை இந்த வகை. நிலைமத்தால் இயங்கும் வகையை இத்தாலியின் உர்பினோ நகரத்துப் பெனெல்லி நிறுவனம் பரவலாக்கியது. அதில் துப்பாக்கி முழுவதும் தோளை நோக்கி உதைக்கும்போது போல்ட்டின் உடல் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். அந்த ஒரு கணத்தில் அதற்கும் போல்ட்டின் தலைக்கும் நடுவே உள்ள குட்டையான, கடினமான சுருள்வில் அழுந்தி, மறுகணம் விரிந்து, போல்ட்டைப் பின்னுக்கு எறியும். நகரப் பேருந்து திடீரென்று கிளம்பும்போது நின்றிருப்பவர் பின்னால் சாய்வாரே, அதே விதிதான்.

வாயு வகை உதையைத் தணிக்கும். நாள் முழுக்கச் சுட்டாலும் தோள் நோகாது. ஆனால் வெடிமருந்தின் கரி பிஸ்டனிலும் துளைகளிலும் படியும். ஈரமும் கரியும் கலந்தால் ஒரு கருப்புப் பசை உண்டாகி, இரண்டு மூன்று நாள் அப்படியே விட்டால் காய்ந்த மாவுபோல இறுகிவிடும். நிலைம வகையில் கரி குழலோடு வெளியேறிவிடுவதால் உள்ளே நாள்பட்ட அழுக்குச் சேராது, எடையும் குறைவு. அதற்கும் வேறு நோய் உண்டு. துப்பாக்கி பின்னால் நகர்ந்தால்தான் அது இயங்கும் என்பதால், கனமான உபகரணங்களை மாட்டினாலோ, தோளில் சரியாக ஊன்றாமல் ஏடாகூடமாகப் பிடித்தாலோ, மிக இலகுவான தோட்டாவைப் போட்டாலோ தடுமாறும்.

இன்னொரு நோயை நானே அனுபவித்தேன். ஒருவரிடம் இரவல் வாங்கிய நிலைமத் துப்பாக்கியோடு கனடா வாத்துக்காகச் சோளம் அறுத்த வயலில் படுத்திருந்தபோது, சத்தம் கேட்கக்கூடாது என்று போல்ட்டைக் கையால் மெல்ல வழிநடத்தி மூடினேன். வாத்துகள் தலைக்கு மேல் வந்தன, விசையை இழுத்தேன், 'டிக்' என்ற ஓசை மட்டும் வந்தது. போல்ட்டின் சுழலும் தலை கடைசி இம்மியளவு திரும்பிப் பூட்டிக்கொள்ளாததால் வெடிக்கவில்லை. இதற்கு மருந்து எளிது: போல்ட்டை அதன் வேகத்திலேயே அறைந்து மூடவிட வேண்டும், துப்பாக்கி எங்காவது இடித்துக்கொண்டால் கைப்பிடியை உள்ளங்கையால் ஒருமுறை முன்னுக்குத் தட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் 'டிக்' என்று கேட்ட பிறகு உடனே திறக்கக்கூடாது. தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு என்பதால், பாதுகாப்பான திசையில் குழலைப் பிடித்தபடி ஒரு நிமிடம் காத்திருந்துதான் திறக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தில் வாத்துகள் பக்கத்து ஊருக்கே போய்விட்டன.

உறுதி என்றால் கனமான எஃகு என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பழைய துப்பாக்கி ஒன்றின் பின்கட்டையை ஒருநாள் கழற்றியது அந்த எண்ணத்தை மாற்றியது. பல வடிவங்களில் போல்ட்டைத் திரும்ப முன்னுக்குத் தள்ளும் சுருள்வில் பின்கட்டைக்குள்ளே ஒரு குழாயில் இருக்கும். நான் பழையதாக வாங்கிய துப்பாக்கியும் அப்படிப்பட்டது. மேலே ஒரு கீறல் இல்லை, குழல் கண்ணாடிபோல மின்னியது. ஆனால் மூன்றாவது பருவத்தில் போல்ட் சோம்பத் தொடங்கியபோது, கட்டையின் பின்தகட்டைக் கழற்றி, நீளமான குழாய்ச்சாவியால் திருகைத் திறந்து, அந்தக் குழாயைக் கவிழ்த்தேன். இரண்டு தேக்கரண்டி அளவு செம்மண் நிறத் தண்ணீர் மேசையில் கொட்டியது. பின்னாலேயே வந்த சுருள்வில்லில் நடுப்பகுதிச் சுற்றுகள் ஒன்றோடொன்று துருவால் ஒட்டியிருந்தன. நாணலில் நடக்கும்போது கட்டை நீரில் முங்கியதும், பிறகு துப்பாக்கியை நிமிர்த்தியே சாத்திவைத்ததும் போதும். இறங்கிய நீர் வெளியே வர வழியே இல்லை. நான் வாராவாரம் துடைத்துக்கொண்டிருந்ததெல்லாம் துருப்பிடிக்காத பகுதிகளைத்தான்.

அன்றிலிருந்து என் கேள்வி மாறிவிட்டது. இந்தத் துப்பாக்கிக்குள் தண்ணீர் எங்கே போய்த் தங்கும்? அந்த இடத்தை, களைத்துப்போன இரவில், கருவிப்பெட்டியைத் தேடாமல் என்னால் திறந்து உலர்த்த முடியுமா? விளம்பரங்களில் பத்தாயிரம் தோட்டா சுட்டோம், இருபதாயிரம் தோட்டா சுட்டோம் என்கிறார்கள். ஆண்டுக்கு இருநூறு, முந்நூறு தோட்டாக்களுக்கு மேல் சுடாத என் போன்றவனின் துப்பாக்கி சுட்டுத் தேய்ந்து சாகப்போவதில்லை. ஈரத்தில் கிடந்துதான் சாகும்.

அதன் பிறகு ஒரு ஜூலை மாதம், வெளியே 31 டிகிரி வெயில் அடிக்கும்போது, குளிர்கால அங்கியையும் தடித்த கையுறையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். முகப்பில் நின்ற இளைஞர் முதலில் சிரிப்பை அடக்கிக்கொண்டார்; நான் அவற்றை அணிந்துகொண்டு ஒவ்வொரு துப்பாக்கியாகத் தோளில் தூக்கிப் பார்க்கத் தொடங்கியதும் அவருக்கே காரணம் புரிந்துவிட்டது. சட்டையோடு கச்சிதமாகப் பொருந்திய கட்டை, அங்கியோடு தூக்கும்போது அக்குளில் சிக்கியது. அரை அங்குல நீளம் குறைந்தால் சரியாக இருக்கும். கட்டைக்கும் துப்பாக்கியின் உடலுக்கும் நடுவே செருகும் மெல்லிய தகடுகளை மாற்றிச் சாய்வையும், பின்னால் உள்ள ரப்பர் மெத்தையை மாற்றி நீளத்தையும் சரிசெய்யக்கூடிய துப்பாக்கியாக இருப்பது எவ்வளவு தேவை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு துப்பாக்கியின் போல்ட் விடுவிப்புப் பொத்தான் சட்டைப் பித்தான் அளவே இருந்தது. கையுறையோடு அதைத் தேடிப் பிடிக்க எனக்கு மூன்று முயற்சிகள் ஆயின. இன்னொன்றில் விசைக் காப்பு வளையம் அவ்வளவு குறுகல், கையுறை விரல் நுழைந்ததுமே விசையைத் தொட்டுவிட்டது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். விலை எவ்வளவு என்றுகூடக் கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டச் சொன்னேன். தோட்டாக்குழாயின் மூடியைத் திருகி, முன்கட்டையை உருவி, குழலை எடுத்து, கைப்பிடியை இழுத்து, போல்ட்டை வெளியே கொண்டுவர எத்தனை நிமிடம், எத்தனை கருவி என்று பார்த்தேன். கீழே விழுந்தால் புல்லில் தொலைந்துபோகும் அளவுக்குச் சிறிய முள்ளோ வளையமோ உள்ளே இருக்கிறதா என்றும் பார்த்தேன். இந்தப் பரிசோதனையில்தான் பிராங்கியின் அஃபினிட்டி என் கண்ணில் பட்டது. நிலைம வகைதான், ஆனால் திருப்பித் தள்ளும் சுருள்வில் கட்டைக்குள் இல்லாமல், முன்கட்டைக்கு அடியில் தோட்டாக்குழாயைச் சுற்றி இருக்கிறது. முன்கட்டையைக் கழற்றினால் அது கண்ணெதிரே நிற்கும், துணியால் துடைத்துவிடலாம். குழல் அளவு 12 போர், 3 அங்குல அறை, எடை சுமார் 3 கிலோ. அதையே வாங்கினேன்.

என் நண்பர் அதே பருவத்தில் ஏ400 ஒன்றை, ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கினார். அவருக்குத் தோளில் பழைய வலி உண்டு. எஃகுக் குண்டு நிறைந்த 3 அங்குலத் தோட்டாவின் உதையை இலகுவான நிலைமத் துப்பாக்கியில் தாங்குவது அவருக்கு ஆகாது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை இரவும் பிஸ்டனைத் துடைக்கும் பொறுமையும் அவரிடம் உண்டு. அப்படிப்பட்டவருக்கு அது சரியான துப்பாக்கி. அந்தப் பொறுமை இல்லாதவருக்கு எத்தனை விலை கொடுத்தாலும் வாயு வகை கைகொடுக்காது என்பது என் எண்ணம்.

மேற்பூச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மெருகேற்றிய வால்நட் மரமும் நீலமேற்றிய எஃகும் பார்க்க அழகு. சதுப்பு நிலத்துக்கு ஆகாது. நெகிழிக் கட்டை, உட்புறம் குரோம் பூசிய குழல், வெளியே செராகோட் போன்ற பீங்கான் கலந்த பூச்சு இருந்தால் போதும். நாணல் படம் அச்சிட்ட மேலுறை துருவைத் தடுக்கும் என்று நம்பி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்த உறை மூடாத சின்னச் சின்ன இடங்களில்தான், அதாவது வார் மாட்டும் திருகு, குழல்முனை வளையம், விசைக்குழுவைத் தாங்கும் முள் ஆகியவற்றில்தான் துரு முதலில் எட்டிப்பார்க்கும்.

3½ அங்குல அறை வேண்டுமா என்பது அடுத்த கேள்வி. ஈயத்தின் அடர்த்தி 11.3 என்றால் எஃகின் அடர்த்தி 7.8தான், எஃகுக் குண்டு சீக்கிரம் வேகம் இழக்கும் என்பதால் ஒன்றிரண்டு அளவு பெரிய குண்டாகப் போட வேண்டியிருக்கிறது, அதற்கு நீளமான தோட்டா உதவும் என்பதும் உண்மை. ஆனால் தோட்டா நீள நீள போல்ட் பின்னால் பாய வேண்டிய தூரமும், உதையும், செலவும் கூடுகின்றன. வாத்து 35 மீட்டருக்குள் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவனுக்கு 3 அங்குலம் தாராளம். தாள் ஒன்றை 36 மீட்டரில் நிறுத்தி, 76 சென்டிமீட்டர் வட்டம் வரைந்து, மாடிஃபைட் சோக்கில் (சோக் என்பது குழல்முனையைக் குறுக்கிக் குண்டுகள் சிதறுவதைக் குறைக்கும் குழாய்; மாடிஃபைட் நடுத்தர இறுக்கம்) சுட்டு, எத்தனை குண்டுகள் உள்ளே விழுகின்றன என்று எண்ணிப் பார்த்தேன். அதைவிட நெருக்கமான சோக் எனக்குத் தேவைப்படவில்லை. தாத்தாவின் இரட்டைக் குழல் போன்ற பழைய துப்பாக்கிகளின் மாற்றமுடியாத இறுக்கமான முனைகளில் எஃகுக் குண்டைப் போடக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்; குழல் வீங்கிவிடும்.

சோக் குழாயின் மரையில் மசகு தடவாமல் ஒரு பருவம் முழுக்க விட்டதால் அது ஒட்டிக்கொண்டு, கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. தோட்டாவிலும் கவனம் வேண்டும். மலிவான தோட்டாக்களின் அடிக்கிண்ணம் பித்தளைபோலத் தெரிந்தாலும் மேல்பூச்சுப் பூசிய எஃகுதான். நனைந்த சட்டைப்பையில் ஒரு வாரம் கிடந்தால் விளிம்பில் துரு ஏறி, அறைக்குள் போய் இறுகிக்கொள்ளும். துப்பாக்கி சரியில்லை என்று திட்டுபவர்களில் பாதிப்பேர் தோட்டாவைத் திட்டியிருக்க வேண்டும்.

ஒருமுறை படகிலிருந்து இறங்கும்போது கால் வழுக்கி, குழல்முனை சேற்றில் குத்திக்கொண்டது. இறங்குவதற்கு முன்பே தோட்டாக்களை எடுத்துவிட்டிருந்தேன். போல்ட்டைத் திறந்து, அறை காலிதான் என்று கண்ணாலும் விரலாலும் மறுபடி உறுதிசெய்த பிறகு குழலுக்குள் பார்த்தால், அறையின் பக்கமிருந்து வெளிச்சமே தெரியவில்லை. ஒரு விரல் நீளத்துக்குக் களிமண் அடைத்திருந்தது. அப்படியே சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும். குழலைத் துடைக்கும் கயிறு அன்றிலிருந்து என் அங்கியின் இடது பையில் நிரந்தரமாக இருக்கிறது. பனியில் விழுந்து எழுந்தாலும் இதே சோதனைதான்.

குளிருக்கு நான் இப்போது செய்வது இவ்வளவே: பருவத் தொடக்கத்தில் பழைய எண்ணெய் முழுவதையும் கழுவி எடுத்துவிட்டு, போல்ட் உரசும் தண்டவாளங்களில் மட்டும் குளிரில் கெட்டியாகாத மெல்லிய எண்ணெயை ஒரு சொட்டு வைத்து, அதையும் துணியால் துடைத்துவிடுகிறேன். வெளியிலிருந்து வந்ததும் துப்பாக்கியை நேராகச் சூடான அறைக்குள் கொண்டுபோவதில்லை. கொண்டுபோனால் குளிர்நீர்ப் பாட்டில்போல உள்ளும் புறமும் வியர்த்துவிடும். மறுநாள் காலை அந்த வியர்வையே பனிக்கட்டியாகிப் போல்ட்டைப் பூட்டிவிடும். மறுநாளும் வேட்டை என்றால் சூடேற்றாத கராஜில், பூட்டிய பெட்டியிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன். அன்றோடு முடிந்தது என்றால்தான் உள்ளே கொண்டுவந்து, முழுதாகப் பிரித்து, செய்தித்தாளில் பரப்பி, ஓர் இரவு காயவிடுகிறேன். துப்பாக்கி பெட்டிக்குத் திரும்பும்போது குழல்முனை கீழ்நோக்கி இருக்கும். மிச்சம் மீதி எண்ணெய் கட்டைக்குள் இறங்காமல் வெளியே வரட்டும் என்று.

அஃபினிட்டி வாங்கி ஆறு பருவங்கள் முடிந்துவிட்டன. படகின் விளிம்பில் உரசி உரசி வலப்பக்கப் பூச்சு வெளுத்துவிட்டது. தோட்டாக்குழாயின் சுருள்வில்லை மட்டும் ஒருமுறை மாற்றினேன். அதற்கு ஆன செலவு ஒரு பெட்டித் தோட்டாவின் விலைகூட இல்லை. போன வாரம் பிரித்துத் துடைத்தபோது வார் மாட்டும் திருகின் தலையில் மட்டும் கடுகளவு துரு இருந்தது. தேய்த்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் வைத்தேன்; புதுத் திருகுக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.